கத்தி வைக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

ஜிந்துப்பிட்டி முருகன் சந்நிதியில், ஒரு காலை இழுத்திழுத்து வீதி வலம் வரும் 45 வயதுக் குடும்பத் தலைவர் ஒருவரை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். இடுப்பு மூட்டுத் தேய்ந்துவிட்டது. மனைவியின் நகைகளைச் செட்டியார் தெருவில் அடகு வைத்தேனும் சென்னைக்குச் சென்று சத்திரசிகிச்சை செய்வதென வீட்டார் தீர்மானித்துவிட்டனர். ஆஸ்பத்திரி எது, செலவு எவ்வளவு என்றெல்லாம் விசாரித்தாயிற்று. கத்தி பிடிக்கப் போகிறவர் யார் என்பதை மட்டும் எவரும் விசாரிக்கவில்லை! நம்மவருட் பலர் செய்யும் பிழை இதுவேயாகும்.

இங்கிலாந்தில் டாக்டர் ஜோன் சார்ன்லி 1962 ஆம் ஆண்டில் செம்மைப்படுத்திய முறையில், தொடையெலும்பின் தலையை அறுத்தெடுத்துவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்துவர். மற்றொரு முறையும் உண்டு. எலும்பின் தலையை அகற்றாது, அதனைச் செதுக்கி, பல்லுக்கு உறை போடுவதுபோல் உலோகத் தொப்பி ஒன்றை அணிவித்து, இடுப்புக்குழியில் உலோகக் கிண்ணத்தைப் பதிப்பர். பேர்மிங்ஹாமில் டாக்டர் டெரெக் மக்மின்னும் டாக்டர் ரோனன் ட்ரீசியும் 1997 இல் வெளியிட்ட சாதனம் இம்முறைக்குப் புகழ் தேடித் தந்தது.

எலும்பு காக்கப்படுகிறது என்பது நன்மையே. ஆயினும் வேலை கடினமானது. எலும்பின் தலை இருந்த இடத்திலேயே இருப்பதால், அதற்குப் பின்னுள்ள குழியை அணுகுவது எளிதன்று. கிண்ணம் சற்றுச் செங்குத்தாக அமைந்தாலும், விளிம்பு உராய்ந்து கோபால்ட், குரோமியத் துகள்கள் உடலிற் கலக்கும். தொடையெலும்பின் கழுத்தில் ஆயுதம் பட்டுவிட்டால் பின்னர் அது முறியவுங்கூடும். இவற்றைத் தவிர்க்கும் திறமை பலமுறை செய்து பழகிய கைக்கே வாய்க்கும்.

அமெரிக்க அரசாங்கம் பேர்மிங்ஹாம் சாதனத்துக்கு 2006 இலேயே அனுமதி வழங்கியது. அதற்கு முன்னரே அந்நாட்டவர் சிலர் சென்னைக்கு வந்து, இச்சிகிச்சையிற் பெயர்பெற்ற டாக்டர் விஜய் போஸிடம் சிகிச்சை பெற்றனர். செலவு குறைவென்பது ஒரு காரணம். பழகிய கை என்னும் நம்பிக்கை மற்றொன்று.

கைத்திறன் மட்டும் போதுமா? போதாது. டீப்யூ நிறுவனம் தனது ஏ.எஸ்.ஆர். சாதனத்தை 2010 இல் உலகெங்கிலுமிருந்து மீளப் பெற்றது. பேர்மிங்ஹாம் சாதனமும் பெண்களுக்கு உகந்ததன்று என அதன் உற்பத்தியாளரே 2015 இல் அறிவித்தனர். வயதில் இளைய, எலும்பு பருத்த ஆண்களுக்கே இம்முறை பெரிதும் பொருந்தும்.

ஆகவே, வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்: “ஐயா, இதே சிகிச்சையைத் தாங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? பத்தாண்டுகளின் பின் அவர்களுள் எத்தனை பேருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது? பொருத்தப் போகும் சாதனம் எது? கொழும்புக்குத் திரும்பியபின் எக்ஸ்-கதிர்ப் படத்தையும் இரத்தப் பரிசோதனையையும் யார் கவனிப்பார்?” இறுதியாக, “இம்முறை எனக்குப் பொருந்துமா?” என்றும் கேளுங்கள்.

“உமக்கு இது வேண்டாம், மற்ற முறையே நன்று” என ஒரு வைத்தியர் கூறினால் மனம் சோர வேண்டாம். யாருக்குச் செய்யலாகாது என்பதை அறிந்திருப்பதும் அனுபவமே. தாலிக்கொடியை அடகு வைக்குமுன் கடைக்காரரிடம் வட்டி எவ்வளவு என்று கேட்கிறோம். உடலையே ஒப்படைக்குமுன் நாலு கேள்வி கேட்பதில் என்ன தவறு?