வீட்டு இணைய இணைப்பை மாற்றுமுன்

வீட்டில் இணையம் அடிக்கடி அறுந்துபோய், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் பெரியவர்களின் அலுவலகக் கூட்டமும் பாதியிலேயே நின்றுவிடத் தொடங்கினால், குடும்பத்தார் யாவரும் ஏகமனதாக நிறைவேற்றுகிற தீர்மானம் ஒன்றுண்டு: கம்பெனியை மாற்றிவிட வேண்டும் என்பது. தீர்மானம் நியாயமானதுதான். ஆயினும், விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட வேகத்தை மட்டும் நம்பி அதைக் காரியத்தில் கொண்டுவருகிறவர்களில் அநேகர் சில மாதங்களுக்குள் பழைய கஷ்டத்தையே புதிய பெயரில் அனுபவிக்கிறார்கள். ஆகையால், அந்தக் கஷ்டம் எங்கே உற்பத்தியாகிறது என்பதைச் சற்று நிதானமாக விசாரித்துக்கொள்வது நல்லது.

முதலாவது, வேகம் என்பது பெரும்பாலும் இன்றைய குறையே அல்ல. 2004இல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டபோது, விநாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்று வகுத்தது. 2023இல்தான் அந்த அளவு 2 மெகாபிட்டாக உயர்ந்தது. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 100 மெகாபிட் இணைப்பில், நான்கு பேர் நான்கு அறைகளில் உட்கார்ந்து நான்கு வெவ்வேறு படங்களைத் தெளிவாகப் பார்த்தாலும் மிச்சம் இருக்கும். 200, 300 என்று எண்ணை ஏற்றிச் சொல்கிற விற்பனையாளர், நமக்கு இல்லாத நோய்க்கு மருந்து விற்கிறார் என்பது என் அபிப்பிராயம். நமக்கு வேண்டியது அறாமல் வருகிற இணைப்பு.

அது அறுவது எங்கே என்பதை நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியே ஓரளவு சொல்லிவிடும். கம்பெனியின் நிலையத்திலிருந்து புறப்படுகிற ஒரே கண்ணாடி இழை, வழியில் மின்சாரத்தின் உதவியே இல்லாத ஸ்பிளிட்டர் என்னும் சிறு கருவியால் கிளைகளாகப் பிரிக்கப்பட்டு, 32 அல்லது 64 வீடுகளுக்கு ஒளியைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அந்த ஒளி வந்து சேராவிட்டால், பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு எரியும் அல்லது மின்னும்; அப்போது பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, லைன்மேன் வந்துதான் ஆகவேண்டும். சிவப்பு விளக்கு எரியாமல், பான் என்ற விளக்கு பச்சையாக நிலைத்து நிற்கும்போதே கைபேசியில் இணையம் திணறுமானால், மடிக்கணினியை ஒரு லேன் வயரால் நேரே பெட்டியோடு இணைத்துப் பார்க்க வேண்டும். வயரில் தடையின்றி வந்து வைஃபையில் மட்டும் தடுமாறினால், குற்றம் நம் வீட்டுச் சுவர்களைச் சேர்ந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் துளைப்பதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பின்தங்கியது. மாடியறைக்கு சிக்னல் எட்டவில்லை என்பதற்காகக் கம்பெனியை மாற்றுவது, செருப்பு கடிக்கிறதென்று தெருவை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

சிவப்பு விளக்கே அடிக்கடி எரிகிற வீட்டார் அண்ணாந்து பார்க்க வேண்டியது தெருக்கம்பத்தை. நம் ஊர்களில் பைபர் கேபிள் பெரும்பாலும் மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கிக்கொண்டு போகிறது. மரக்கிளை முறிந்தாலும், உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி உரசினாலும், அணில் கடித்தாலும் அது போய்விடும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தபோது கேபிள்களும் கூடவே விழுந்தன. அறுந்த இழையின் இரு முனைகளையும் ஸ்பிளைசிங் இயந்திரத்தில் வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறார்கள். ஒட்டு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஒளி நஷ்டமாகிறது. ஆகவே, புதிய இணைப்புக் கொடுக்க வருகிறவரிடம், வந்து சேரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20ஐ ஒட்டிய எண் தெரிந்தால் திருப்தி. மைனஸ் 27ஐ நெருங்கினால், வயர் சற்று மடங்கினாலும் இணைப்பு போய்விடும் நிலை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று: பில்லில் இருக்கும் பெயர் எந்தக் கம்பெனியினுடையதானாலும், தெருவில் கேபிள் இழுத்துப் பராமரிக்கிறவர் பல இடங்களில் உள்ளூர்க் கேபிள்காரரே. அவரே இரண்டு கம்பெனிகளின் இணைப்பையும் கொடுப்பதுண்டு. இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கினால் ஒரே கிளை முறிந்து இரண்டும் ஒன்றாகவே போகும். “சார், எங்க நெட்டு போகவே போகாது” என்கிற வாக்குறுதியை ஒதுக்கி வைத்துவிட்டு, கேபிள் எந்த வழியாக வருகிறது, பழுது பார்க்க வருகிறவர் யார், ஞாயிற்றுக்கிழமை வருவாரா என்பதை அதே தெருவில் அந்த இணைப்பை வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் விசாரியுங்கள். மழைக்காலத்தில் எத்தனை நாள் நின்றது என்பதை அவர்கள் கேட்காமலே சொல்லுவார்கள்.

மாற்றுவதென்று நிச்சயித்தபின் அவசரம் கூடாது. கைபேசி எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி 2011 முதல் நாடெங்கும் உண்டு. வீட்டு பிராட்பேண்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை, பழைய லேண்ட்லைன் எண்ணும் போய்விடும். ஒரு மாதக் கட்டணம் கூடுதலானாலும் பரவாயில்லை என்று, புதியது நன்றாக ஓடுகிறவரை பழையதை வைத்திருப்பதே விவேகம். ஆறு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ முன்பணம் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். முதல் மாதத்திலேயே அதற்கு உட்பட வேண்டாம். சொல்லுகிற கட்டணத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கம்பெனியோடு வழக்கு மிச்சமிருந்தால், புகார் எண்ணை வாங்கி, தீர்வு கிடைக்காதபோது அந்தக் கம்பெனியிலேயே இருக்கவேண்டிய மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. இணைப்பை நிறுத்தும்படி எழுத்துமூலமாகவே கேளுங்கள். டெபாசிட் பணம் எப்போது திரும்பும் என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பெட்டியை ஒப்படைத்ததற்கு ரசீது கையில் வரும்வரை பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.