கயிறு திருப்பி இழுத்தால்

ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் மழை விட்டதும் பிரஷ் கட்டர் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். மெஷினைச் சொந்தமாக வாங்கி, தோப்பு தோப்பாகப் புல் வெட்டிப் பிழைப்பவர்கள் உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது கயிறு வெடுக்கென்று கையைத் திருப்பி இழுத்தால் பெட்ரோல் சரியில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பொறி முந்தி அடிக்கிறது என்று பொருள். மணிக்கட்டே முறியலாம்.

பொறியின் நேரம் சிடிஐ என்ற சின்னப் பெட்டியின் பொறுப்பு. மேக்னெட் சுற்றும்போது காயிலில் பிறக்கும் மின்சாரம் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் 200, 300 வோல்ட்டாகத் தேங்கி நிற்கும். பிஸ்டன் உச்சிக்குச் சற்று முன்னால் வரும்போது பல்சர் காயில் சைகை கொடுக்க, தைரிஸ்டர் என்ற மடை திறந்துகொள்ளும். தேங்கியதெல்லாம் ஒரே வீச்சில் இக்னிஷன் காயிலில் பாய்ந்து, பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருகி, பிளக்கில் பொறியாகிறது. பெட்ரோல் எரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிஸ்டன் இறங்கத் தொடங்கியதும் அழுத்தம் முழுதாகக் கிடைக்க வேண்டும். அதனால்தான் உச்சிக்கு முன்பே பொறி. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒரு டிகிரி என்பது விநாடியை 36,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. பெயரில்லாத டூப்ளிகேட் பெட்டியை நம்பி இந்தக் கணக்கை ஒப்படைக்கலாமா?

பொறி முந்தினால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் தலை ஓட்டையாகும். பிந்தினால் இழுவை போய் சைலன்சர் கொதிக்கும். பெட்டியை மாற்றுமுன் மேக்னெட்டைத் தண்டோடு பூட்டும் சின்னச் சாவியையும் பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அது அறுந்தாலும் டைமிங் நகர்ந்துவிடும்.

புதுப் பெட்டியே கோளாறு என்றால்? "கூலிக்கு ஓட்டுறீங்க, நீங்க நுகர்வோரே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. கூலி வேலைக்காரருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய துணை என்று பலருக்குத் தெரியவில்லை. குறைபாடுள்ள பொருளால் கை முறிந்தால் இழப்பீடு கேட்கலாம். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவரே பொறுப்பு என்கிறது 86-ஆவது பிரிவு.

பில் தர மறுப்பதும் இந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். பில்லில் பாகத்தின் பெயரும் தேதியும் இருக்கட்டும். பழுதான பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்; வழக்கு என்று வந்தால், குறையைக் கண்டறிய நுகர்வோர் ஆணையம் அதைத்தான் ஆய்வகத்துக்கு அனுப்பும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆன்லைனில் டெல்லிக் கடையில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருப்பது பொள்ளாச்சி என்றால் வழக்கைக் கோவையிலேயே போடலாம்.