விரலுக்கு ஒரு தொழில்

(பத்தாம் வகுப்பு மாணவி)

மணப்பாறை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று மாட்டுச் சந்தை, மற்றொன்று முறுக்கு. 2023ஆம் ஆண்டு எங்கள் ஊர் முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. என் பெரியம்மா வீட்டிலும் முறுக்குத் தொழில்தான். விடியற்காலையில் மாவு பிசைந்து, பிழிந்து, முதலில் அரைவேக்காடாகவும் பிறகு மொறுமொறுப்பாகவும் இருமுறை எண்ணெயில் போட்டு எடுப்பார்கள்.

பெரியம்மாவின் மகளாகிய என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டில் பெரியப்பா நோயில் படுத்துவிட்டார். அக்கா கல்லூரி எண்ணத்தை விட்டு அடுப்படியில் உட்கார வேண்டியதாயிற்று. அப்போது என் அம்மா, "அக்கா, காலை வேலை முடிந்ததும் அவளை ஒரு மணி நேரம் டைப்பிங் கிளாசுக்கு அனுப்பி வையுங்கள்" என்றார். "கம்ப்யூட்டர் வந்த பிறகு டைப்பு யாருக்கு வேண்டும்?" என்று பெரியம்மா திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தட்டச்சுப் பொறியை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பெனி. துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துவந்த அந்தக் கம்பெனி, ஷோல்ஸ் என்பவர் வடிவமைத்த பொறியை 1874இல் விற்கத் தொடங்கியது. ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த அலுவலகங்களில் பெண்கள் நுழைவதற்கு இந்தப் பொறி ஒரு வாசலாக அமைந்தது. நம் நாட்டில் 1955இல் கோத்ரெஜ் நிறுவனம் தட்டச்சுப் பொறியைச் செய்தது.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். தமிழுக்கோ 247. இத்தனையையும் ஒரு சிறு விசைப்பலகையில் அடக்குவது எப்படி? இதற்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் ஆர். முத்தையா. 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்கு வேலைக்குச் சென்றவர். பல எழுத்துகளுக்குப் பொதுவான குறிகளை அவர் தனியே பிரித்தார். சில குறிகளுக்கு நகரா விசைகளை அமைத்தார். 'கி' என்று அடிக்க வேண்டுமானால் முதலில் மேல் விலங்கை அடிக்க வேண்டும். தாள் நகராது. அதே இடத்தில் 'க' அடித்தால் 'கி' ஆகிவிடும். அவருடைய பொறி ஜெர்மனியில் தயாராயிற்று.

இனி, கற்கும் முறையைப் பார்ப்போம். முதல் நாள் பாடம் இடக்கைக்கு 'ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப்'. சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலுக்கும் ஒரு விசை. சுட்டுவிரல் மட்டும் பக்கத்து விசைக்கு எட்டிப் போய்த் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். வலக்கைக்கும் இப்படியே. கட்டைவிரல் இடைவெளி விடுவதற்கு. இதையே பக்கம் பக்கமாக அடிக்கச் சொல்வார்கள். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? கண் தாளை மட்டும் பார்க்க வேண்டும். விசையை விரலே தேடிக்கொள்ள வேண்டும். கலை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

தமிழக அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதற்குத் தேர்வு நடத்துகிறது. இளநிலையை 'லோயர்' என்றும் முதுநிலையை 'ஹையர்' என்றும் சொல்வது வழக்கம். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45. ஐந்து தட்டுகளை ஒரு சொல்லாகக் கணக்கிடுவார்கள். ஆகவே வேகத் தேர்வின் 10 நிமிடங்களில் இளநிலைக்கு 1500 தட்டுகளும் முதுநிலைக்கு 2250 தட்டுகளும் அடிக்க வேண்டும். பிழைக்கு மதிப்பெண் குறையும். கடிதமும் அட்டவணையும் ஒழுங்காக அமைப்பதற்குத் தனித் தாள் உண்டு.

இதனால் என்ன பயன்? அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே. அதனால்தான் 2024இல் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு விண்ணப்பித்தார்கள். அதே தேர்வு வழியாகத்தான் தட்டச்சர்களும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆனால் தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலையும் மற்றொன்றில் இளநிலையும் தேறியிருக்க வேண்டும். இந்தச் சான்றிதழ் இல்லாதவர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. கூட்டம் குறைந்த வரிசையில் நமக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்பது எளிய கணக்கு.

பெரியம்மாவின் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் விசைப்பலகை இருக்கிறது. ஆங்கில எழுத்துகளின் வரிசையும் ஷோல்ஸ் வழிவந்ததே. தமிழுக்கு 1999இல் 'தமிழ் 99' என்ற புதிய விசைப்பலகையை அரசு ஏற்றது. பலகை மாறினாலும் பழகிய விரல் வீணாகாது. ஆனால் தட்டச்சு மட்டும் போதும் என்று இருந்துவிடவும் கூடாது. தட்டச்சர் பணியில் சேருவோர் 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' சான்றிதழையும் பெற வேண்டும் என்று அரசே விதித்திருக்கிறது. ஒன்றைக் கற்றவர் அடுத்ததையும் கற்கத்தான் வேண்டும்.

என் அக்கா முதல் முறை ஆங்கில இளநிலையில் தேறவில்லை. விசையைக் குனிந்து பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை. தேர்வில் கண்ணைத் தாளுக்குத் திருப்பியபோது ஒரு வரியையே விட்டுவிட்டார். முடிவு வந்த அன்று, "எனக்கு மாவு பிசையத்தான் தெரியும்" என்று அழுதார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து அடுப்பை மூட்டினார். அக்கா வகுப்புக்கு நேரத்தோடு போக வேண்டும் என்பதற்காக! பெரியம்மா அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

அடுத்த தேர்வில் அக்கா தேறினார். இப்போது பத்திரம் எழுதும் ஒருவரின் அலுவலகத்தில் பகலில் வேலை செய்கிறார். பெரிய சம்பளம் இல்லை. ஆனால் பெரியப்பாவின் மருந்துச் செலவுக்கு ஆகிறது. மாலையில் தமிழ்த் தட்டச்சும் குரூப் 4 பாடமும் படிக்கிறார். அரசு வேலை கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். எது நடந்தாலும் அவர் விரல்களில் இருக்கும் வேலை அவரை விட்டுப் போகாது.

அன்புத் தோழியரே! பொதுத் தேர்வு முடிந்ததும் விடுமுறை வரும். தட்டச்சோ, தையலோ, கணக்கு எழுதுவதோ, உங்களுக்குப் பொருந்தும் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள். முதல் மாதத்தின் அலுப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளைக்குச் சேர்த்து வைக்கும் நகையோடு இப்படி ஒரு சான்றிதழையும் சேர்த்து வையுங்கள். நகையை அடகு வைக்க நேரலாம். கற்ற தொழிலை அடகு வைக்க முடியாது. விடுமுறையில் நானும் அக்காவோடு அந்த வகுப்புக்குப் போக அம்மா இசைந்துவிட்டார். விசையைக் குனிந்து பார்ப்பதில்லை என்று இப்போதே முடிவு செய்துவிட்டேன்!