புதுக்கோலம் பூணும் பழைய விடுதி

மனிதருக்கு முதுமை வருவது போலவே கட்டடங்களுக்கும் முதுமை வருகின்றது. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. மனிதரின் முதுமையை மதிக்கக் கற்றிருக்கின்றோம். கட்டடத்தின் முதுமையையோ, அது கோயிலாகவோ கோட்டையாகவோ இருந்தாலன்றி, எவரும் மதிப்பதில்லை. அதிலும், காசு கொடுத்து ஓரிரவு தங்க வருபவர், தேய்ந்த கம்பளத்தையும் மங்கிய திரைச்சீலையையும் பழமையின் பெருமையென்று பாராட்டமாட்டார். கணக்கை முடித்துக்கொண்டு வேறு விடுதியை நாடுவார். ஆகவே, விடுதி நடத்துவோர் தம் கட்டடத்தை ஓயாது இளமைப்படுத்த வேண்டியவராயினர்.

எல்லா விடுதிகளுக்கும் பொதுவான இச்சுமையோடு வேறொரு சுமையையுஞ் சேர்த்துத் தாங்குபவை, 'தீம் பார்க்' எனப்படும் கேளிக்கைப் பூங்காக்களைச் சார்ந்த விடுதிகள். இவை படுக்கையை மட்டும் விற்பதில்லை. ஒரு கதையையும் விற்கின்றன. பகலெல்லாம் கற்பனை உலகில் உலாவிய குடும்பம், இரவிலும் அவ்வுலகை விட்டு வெளியேறாதிருத்தல் வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். எனவே இவ்விடுதிகளில் சுவர் பழுதுபடுவதோடு கதையும் பழுதுபடுகின்றது. சுவருக்கு வர்ணம் பூசலாம். கதைக்கு யாது செய்வது?

'தீம்' என்ற சொல்லை இன்று 'கருப்பொருள்' என மொழிபெயர்க்கின்றோம். இம்மொழிபெயர்ப்பு நாம் கருதியதிலும் ஆழமானது. அகப்பாட்டுக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள்களை நம் இலக்கண நூலார் வகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரமும் மாவும் புள்ளும் பறையும் பிறவும் கருப்பொருள். இவற்றின் நடுவே விளங்கித் தோன்றும் உள்ளத்தொழுக்கம் உரிப்பொருள். ஒரு திணைக்குரிய ஏனைய பொருள்கள் மற்றொரு திணையிற் சென்று மயங்கலாம். உரிப்பொருள் மட்டும் மயங்காது என்பதும் அவர்கள் கண்ட முடிபு. விடுதியொன்றைப் புதுப்பிக்குமிடத்தும் இம்மூன்றும் உள. கட்டடமும் அது எழுந்த காலமும் முதல். அறைகலன்களும் ஓவியங்களும் வர்ணங்களும் கரு. அங்கு தங்குபவர் நெஞ்சில் எழும் உணர்வே உரி. கருவை மாற்றலாம், ஆனால் அது முதலோடு முரணாதிருத்தல் வேண்டும், உரியைக் கெடாதிருத்தலும் வேண்டும். இவ்வுண்மையை மெய்யான சில விடுதிகளின் வரலாற்றிற் கண்டு தெளிவோம்.

அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில், ஒர்லான்டோ நகருக்கு அண்மையில், வால்ற் டிஸ்னி வேள்ட் 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி திறக்கப்பட்டது. அன்று அதனோடு தோன்றிய விடுதிகளுள் ஒன்றின் பெயர் 'கன்ரெம்பொறறி'. தமிழிற் கூறின் 'சமகாலம்'. வெல்ற்றன் பெக்கற் என்பார் நிறுவிய கட்டடக்கலை நிறுவனம், டிஸ்னியின் வடிவமைப்பாளரோடும் யுனைற்றெட் ஸ்ரேற்ஸ் ஸ்ரீல் நிறுவனத்தோடுங் கூடி இதனை அமைத்தது. இரு புறச் சுவர்களும் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நோக்கிச் சாயும் உருக்குக் கூடு. அதன் நடுவே பரந்த வெளிமண்டபம். அம்மண்டபத்தை ஊடறுத்துச் செல்லும் மொனோறெயில் வண்டி. வீட்டுக் கூடத்தினூடே புகைவண்டி செல்வதைக் கண்டாற்போன்ற வியப்பை அது பலருக்கும் அளித்தது.

அறைகள் அமைந்த முறை இன்னும் வியப்புக்குரியது. அவை அக்கோபுரத்திற் கட்டப்பட்டவை அல்ல. சில மைல் தொலைவிலிருந்த தொழிற்சாலையில், உருக்குப் பெட்டிகளாக, குளியலறையும் பிற பொருத்துகளும் உள்ளடங்கச் செய்து முடிக்கப்பட்டு, வாகனங்களில் ஏற்றிவரப்பட்டு, பாரந்தூக்கியினால் உயர்த்திக் கூட்டினுட் செருகப்பட்டன. அலுமாரியில் இழுப்பறைகளை வைத்தாற் போன்றது அம்முறை. பழையனவாகும்போது அவ்வறைகளை அப்படியே வெளியே இழுத்துப் புதுப்பித்து மீண்டுஞ் செருகிவிடலாம் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கியது. ஆனால் எந்த அறையும் அவ்வாறு இழுக்கப்பட்டதில்லை. செருகிய அறைகள் கட்டடத்தோடு கட்டடமாகிவிட்டன. பின்னர் செய்யப்பட்ட புதுப்பிப்பு யாவும், ஏனைய விடுதிகளிற் போலவே, வாயில் வழியாகப் பழையதை வெளியேற்றிப் புதியதை உட்கொணர்ந்தே நிகழ்ந்தன. அறையின் நீள அகலமோ தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. முதற்பொருள் மாறாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, விடுதியொன்று புதுப்பிக்கப்படும் முறையைச் சற்று நோக்குவாம். விடுதியின் பொருள்கள் யாவும் ஒரே வேகத்தில் முதுமையடைவதில்லை. படுக்கை விரிப்பு, திரைச்சீலை, கம்பளம் முதலிய துணிப்பொருள்கள் சில ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடும். கட்டில், மேசை, கதிரை, அலுமாரி என்பன ஏறத்தாழ அதன் இரு மடங்கு காலம் நிலைக்கும். நீர்க்குழாய்களும் மின்கம்பிகளும் குளிரூட்டும் பொறிகளும் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அவை பழுதுறும்போது சுவரையே திறக்க நேரும். ஆதலால் ஆழ்ந்து சிந்திப்பவர், சுவர் திறக்கப்படும் காலத்தையே கதை மாற்றும் காலமாகவுந் தேர்வர். ஒரு முறை இடிப்பதில் இரு கருமங்களும் முடிவுறும்.

முதலில் ஓர் அறையை மாத்திரம் முழுமையாக அமைத்துப் பார்ப்பது வழக்கம். வரைபடத்தில் அழகாகத் தோன்றிய மேசை பயணப்பெட்டியை வைக்க இடமின்றிச் செய்வதும், விளக்கின் ஒளி நூல் வாசிக்கப் போதாதிருப்பதும், துப்புரவு செய்வோர் கட்டிலின் கீழே கையை நீட்ட இயலாதிருப்பதும் அவ்வறையிலேதான் தெரியவரும். நூற்றுக்கணக்கான அறைகளில் ஒரு பிழையைச் செய்வதிலும், ஓரறையில் நூறு பிழைகளைக் கண்டு திருத்துவது நன்றன்றோ?

அடுத்து வருவது காலக்கணக்கு. இன்று விலைபோகாத தேங்காயை நாளை விற்கலாம். இன்றிரவு விலைபோகாத அறையை நாளை விற்க இயலாது. ஆகவே முழு விடுதியையும் மூடுவதா, பகுதி பகுதியாக மூடுவதா என்பது கடினமான வினா. முழுவதும் மூடினால் வேலை விரைவில் முடியும். வருவாய் அறவே நிற்கும், பணியாளருக்கும் வேறிடந் தேட வேண்டும். பகுதியாக மூடினால் வருவாய் ஓரளவு வரும்; ஆயின் ஒரு சுவருக்கு அப்பால் சுத்தியல் ஒலிக்க, இப்பால் குழந்தை உறங்க வேண்டும். பகுதியாகச் செய்யுமிடத்து, ஒரு தளம் முழுவதையும் எடுப்பதற்குப் பதிலாக, ஒன்றன்மேலொன்றாக அமைந்த அறைகளை மேலிருந்து கீழ்வரை ஒரு நிரலாக எடுப்பதும் உண்டு. குளியலறைகள் ஒரே நேர்க்குழாயைப் பகிர்ந்துகொள்வதே அதன் காரணம்.

சட்டமும் இடையே புகும். மாற்றுத்திறனாளர் உரிமை பற்றிய சட்டம் அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு நிறைவேறியது. அதற்கு முன் எழுந்த விடுதிகளில், சக்கர நாற்காலி நுழைய இயலாத ஒடுங்கிய கதவுகளும் ஏறிக் கடக்க வேண்டிய குளியற் தொட்டிகளும் இருந்தமை இயல்பே. புதுப்பிப்பு என்பது அழகு பற்றியது மட்டுமன்று; முன்னர் வாயிலில் நின்று திரும்பியவரை உள்ளே அழைப்பதுமாகும்.

இனிக் கதைக்கு வருவோம். 'சமகாலம்' என்று பெயரிடப்பட்ட விடுதிக்குக் காலமே பகையாயிற்று. 1971இல் வருங்காலமாகத் தோன்றியது, சில பத்தாண்டுகளில் இறந்தகாலமாகத் தோன்றிற்று. முதலிற் செய்த தீர்வு, அவ்வக்காலத்துப் புதுமைப் பாணியை அறைகளிற் புகுத்துவதாயிருந்தது. ஆனால் புதுமையைத் துரத்துபவன் தன் நிழலைத் துரத்துபவன் போன்றவன். 2021இல், பூங்காவின் பொன்விழாவை ஒட்டி, வேறொரு வழி கண்டனர். பிரதான கோபுரத்து அறைகளுக்கு 'தி இன்கிறெடிபிள்ஸ்' என்ற சித்திரப் படத்தின் கோலத்தைப் பூட்டினர். அப்படம் வெளிவந்தது 2004இல் எனினும், அதன் வீடுகளும் கதிரைகளும் விளக்குகளும் 1950, 1960ஆம் ஆண்டுகளின் பாணியைத் தழுவியவை. அன்றைய மக்கள் கண்ட எதிர்காலக் கனவைச் சித்திரிப்பவை. விடுதியின் உருக்குக் கூடும் அதே கனவின் குழந்தை. புதிய கரு பழைய முதலோடு பொருந்தியமை இதனாற் புலனாகும். சித்திரப் பாத்திரங்கள் அறைக்குள் நுழைவதை விரும்பாத பழைய அன்பர் பலர் குறைகூறினர் என்பதையும் மறைத்தல் தகாது.

இவ்விடுதியின் நடு மண்டபத்தில் ஒரு பெருஞ் சுவரோவியம் உண்டு. 90 அடி உயரம். மேரி பிளேயர் (1911 - 1978) என்ற ஓவியப் பெண்மணி வரைந்தது. அமெரிக்கத் தென்மேற்குப் பழங்குடிச் சிறுவரையும் பறவைகளையும் விலங்குகளையும் ஓட்டுச் சதுரங்களில் காட்டுவது. அதில் ஓர் ஆட்டுக்கு ஐந்து கால்கள். மொனோறெயிலிற் செல்லும் குழந்தைகள் அந்த ஆட்டைத் தேடிக் கண்டு கைகொட்டுவர். பின்னர் வளர்ந்து, தம் குழந்தைகளுக்கும் அதனைக் காட்டுவர். அறைகளும் கம்பளங்களும் எத்தனையோ முறை மாறின. 2009இல் புதிய கோபுரமொன்று திறக்கப்படும்பொருட்டுப் பழைய பக்கக் கட்டடம் ஒன்றே இடித்து அகற்றப்பட்டது. எனினும் அந்த ஆடு அசையவில்லை. உரிப்பொருள் எங்கே உறைகின்றது என்பதை அறிந்தவர் அதன்மேற் கைவைக்கவில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சி அயலிலேயே நடந்தது. 'பொலினீசியன்' என்ற விடுதியும் 1971இலேயே பிறந்தது. அதன் முகப்பு மண்டபத்தினுள் பாறைகளுக்கிடையே நீர்வீழ்ச்சி ஒன்றும், அதைச் சூழ்ந்து வெப்பமண்டலச் செடிகளும் இருந்தன. உள்ளே காலடி வைத்தவுடன் நீரோசையும் ஈரமண்ணின் மணமும் வரவேற்கும். 2014இல் மண்டபம் புதுப்பிக்கப்பட்டபோது அந்நீர்வீழ்ச்சி அகற்றப்பட்டு, சிறியதொரு நீரமைப்பு அவ்விடத்தில் வந்தது. மண்டபம் அகன்றது, ஒளி பெருகிற்று, நடக்க வசதியுமாயிற்று. ஆயினும் அங்கு பலமுறை தங்கியவர் எதையோ இழந்தவர் போல் வருந்தினர். 2021இல் அறைகளுக்கு 'மோனா' திரைப்படத்தின் கோலம் வந்தது. அது தீவுக் கதையாதலின் இடத்தோடு இசைந்தது. எனினும் இழந்த நீரோசையை எந்தச் சித்திரமும் ஈடுசெய்யவில்லை என்பதே அவர்கள் துயர்.

மூன்றாவதாக, பிரான்சு நாட்டுப் பாரிஸ் நகரை அடுத்த டிஸ்னி பூங்காவின் 'ஹோட்டல் நியூயோர்க்' விடுதியைக் கூறலாம். மைக்கல் கிரேவ்ஸ் (1934 - 2015) என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் நியூயோர்க் நகரின் வானளாவிகளை நினைவூட்டுமாறு அமைத்த இவ்விடுதி 1992இல் திறக்கப்பட்டது. 2019இல் மூடப்பட்டு, கொரோனாப் பெருந்தொற்றினாற் தாமதமுற்று, 2021ஆம் ஆண்டு யூன் 21ஆந் திகதி மார்வெல் வீரர்களின் ஓவியக்கூடமாக மீண்டுந் திறக்கப்பட்டது. 300க்கு மேற்பட்ட ஓவியங்கள் அங்கு இடம்பெற்றன. வீரர் பலர் உலாவும் கதைக்களம் நியூயோர்க் நகரே. ஆகையால் கட்டடம் அந்நகரமாகவே நிற்க, அந்நகரின் கற்பனைக் குடிகள் உள்ளே குடிபுகுந்தனர். நிலம் மாறவில்லை, மாந்தர் மாறினர்.

இம்மூன்றிலிருந்தும் பெறப்படுவது யாது? புதுப்பிப்பவன் கேட்க வேண்டிய முதல் வினா, 'எதனை மாற்றலாம்?' என்பதன்று, 'எதனை மாற்றலாகாது?' என்பதே. விடை வரைபடத்திற் கிடையாது, கணக்கேட்டிலும் கிடையாது. நெடுநாட் கழித்துத் திரும்பி வந்த ஒருவர் வாயிலைக் கடந்ததும் அவர் கண்கள் எதனைத் தேடுகின்றன என்று பார்த்தாற் போதும். புதிய கட்டில்களையோ கம்பளத்தையோ அவர் தேடுவதில்லை. சிறுவனாய் நின்று பார்த்த ஏதோ ஒன்றை, ஒரு மணியையோ மரத்தையோ படிக்கட்டையோ, ஐந்து கால் ஆட்டையோ தேடுகின்றார். அது அங்கே இருக்குமாயின், ஏனைய மாற்றங்கள் யாவற்றையும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்வார். இல்லையாயின், பளிங்குத் தளமிட்டாலும் அவருக்கு அது பிறர் வீடே.