தொடக்கநிலை வானியல் பாடமும் சங்கத்தமிழ் மீன்பெயர்களும்: போடிநாயக்கனூர் வானத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்
ஆர்வலர்க்கான வானியல் பாடம், கற்போர் காணும் வானத்திலிருந்தும் அவர்தம் மொழியிலிருந்தும் உருவாக வேண்டும் என்பதைப் போடிநாயக்கனூரையும் புறநானூற்று 229ஆம் பாடலையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நாள்மீன், மைம்மீன், முடப்பனை, நிமித்தம், பாடத்திட்டம்.

முன்னுரை
மேலைநாட்டு வானியல் கையேடுகள் பலவும் துருவமீனைக் கொண்டே திசையறியக் கற்பிக்கின்றன. இலண்டனில் அம்மீன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 51 பாகை உயரத்தில் நிற்கும். வட அகலாங்கு 10 பாகையில் அமைந்த போடியிலோ அது 10 பாகை உயரத்திலேயே நிற்பதால் மரமும் மலையும் எளிதில் மறைத்துவிடும். ஆதலின் அத்தகைய கையேட்டை மொழிபெயர்ப்பது மட்டும் போதாது.

வானமும் காலமும்
தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்தபின், சனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே இங்கு வான்நோக்கலுக்கு ஏற்றது. பிப்ரவரி முன்னிரவில் தென்வானில் அகத்திய மீன் ஏறக்குறைய 27 பாகை உயரத்தில் ஒளிரும். இலண்டனில் அது எழுவதே இல்லை. மேற்கு மலைத்தொடர் இயற்கையான அளவுகோலாகும். ஞாயிறு மறையும் இடம் ஓராண்டில் வடக்கும் தெற்குமாக ஏறத்தாழ 48 பாகை நகர்வதை மலைமுகடுகளைக் குறியாகக் கொண்டு கருவியின்றியே பதியலாம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகலில் செங்குத்துக் கோலின் நிழல் மறையும் நாள்களும் பாடப்பொருளாகும்.

பெயரும் காட்சியும்
சங்கப்பெயர்கள் பல, கண்ட வடிவையும் நிறத்தையும் ஒட்டியவை. அறுமீன் என்பது கார்த்திகைக் கூட்டம். மைம்மீன் என்பது கரிய கோளாகிய சனி. முடப்பனை என்பது அனுடம். வளைந்த பனையின் உருவை மனத்திற்கொண்ட தொடக்கநிலையினர் அனுடத்தை விரைவில் இனங்காண்பர்.

கூடலூர் கிழாரின் பாடல் வான்நோக்கலின் முறையையே காட்டுகிறது. பங்குனி இரவொன்றில் உச்சியிலிருந்து சாயும் மீன், அதற்கெதிரே எழும் மீன், மறையும் மீன் என மூன்று நிலைகளை அது பதிவுசெய்கிறது. புவியின் தற்சுழற்சியை உணர்த்த இதனினும் எளிய பயிற்சி இல்லை.

நிமித்தத்தைப் பிரித்தறிதல்
அப்பாடலே வீழ்மீனைச் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் இறப்புக்குரிய நிமித்தமாகவும் கொள்கிறது. காட்சி, பொருள்கொள்ளல் ஆகிய இரண்டும் ஒரே பாடலில் பின்னிக்கிடக்கின்றன. இன்றும் நாள்மீன், கோள் ஆகியவற்றின் பெயர்களைப் பலர் முதலில் சாதகக் கட்டத்திலேயே சந்திக்கின்றனர். ஆகவே, எதனைக் கண்டனர், அதற்கு என்ன பொருள் கொண்டனர் என்று பிரித்தெழுதுதல் பாடத்தின் முதற்பயிற்சியாக வேண்டும். இராகு, கேது ஆகியவை கோள்கள் அல்ல; ஞாயிற்றின் தோற்றப்பாதையை நிலவின் பாதை வெட்டும் புள்ளிகளே என்ற விளக்கமும் இவ்விடத்தில் பொருந்தும்.

முடிவுரை
நிழலும் மலைமுகடும், நாள்மீன்கள், கோள்கள் என்னும் மூன்று அலகுகளாக இப்பாடத்தை அமைக்கலாம். 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைக் காணச்செல்வது அதன் நிறைவாகலாம். சங்க இலக்கியத்தை அறிவியல் முன்னறிவிப்பாகப் போற்றுவதைவிட, நோக்கற்பதிவாகப் பயிற்றுவிப்பதே தமிழுக்கும் வானியலுக்கும் பயன்தரும்.