பாம்பு பிடிக்கும் கைகளுக்குப் பத்மஸ்ரீ

விருது என்றதும் கற்றறிந்தோரும் கலைஞரும் பெருந்தொழிலதிபருமே நம் நினைவுக்கு வருகின்றனர். 2023-ஆம் ஆண்டுக் குடியரசு நாளையொட்டி வெளியான பத்மஸ்ரீ பட்டியலிலோ, செங்கற்பட்டு மாவட்டத்துச் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவரின் பெயர்கள் இடம்பெற்றன. இருவரும் இருளர், ஏட்டுக் கல்வி பெறாதவர், பாம்பு பிடிப்பதே அவர்கள் தொழில்.

இத்தொழிலின் வரலாறு நாம் அறியத் தக்கது. ஒரு காலத்தில் இருளர் பிடித்த பாம்புகளின் தோல் அயல்நாடுகளுக்குச் சென்றது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்தன. பாம்புகள் பிழைத்தன, அவற்றை நம்பி வாழ்ந்த குடும்பங்களோ அடுப்பெரிக்க வழியின்றித் தவித்தன. அந்நிலையில், ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கொல்வதற்குப் பயன்பட்ட அறிவு, உயிர் காப்பதற்குப் பயன்படலாயிற்று.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உறுப்பினர் உயிரோடு பிடித்து, வடநெம்மேலியிலுள்ள சங்கத்தில் ஒப்படைக்கின்றனர். எத்தனை பிடிக்கலாம் என்பதை அரசே வரையறுக்கிறது. சில வாரங்கள் மண்பானைகளில் வைத்து, அவ்வப்போது நஞ்செடுத்து, அடையாளமிட்டு, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து முறிமருந்து தயாரிக்கப்படுகிறது.

இதன் அருமை நம் உழவர்க்கு நன்கு தெரியும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் மாண்டதாக ஆய்வாளர் கணித்துள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். இரவில் கரும்புத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சச் செல்பவரின் உயிர், அரசு மருத்துவமனையிலுள்ள ஒரு குப்பி மருந்தில் தங்கியிருக்கிறது. அக்குப்பிக்குப் பின்னால் இருளரின் வெறுங்கையும் கூரிய கண்ணும் உள்ளன. அத்திறமையை நாடி அமெரிக்காவும் 2017-இல் இவ்விருவரையும் புளோரிடாவுக்கு அழைத்தது. அங்கே பெருகி, பிற உயிரினங்களை அழித்துவந்த மலைப்பாம்புகளை இவர்கள் தேடிப் பிடித்தனர்.

இனி நம் பக்கம் திரும்புவோம். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களிலும் இருளர் குடியிருப்புகள் பல உள. செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் கூப்பிலும், வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு உழைத்துத் தேய்ந்தவர் அவர்களுள் பலர். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் பட்டாவின்றி வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ! கோட்டாட்சியர் அளிக்கும் பழங்குடிச் சான்றிதழ் இன்றேல், உரிய சலுகைகளைப் பிள்ளைகள் பெறவியலாது. அச்சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தோர் உண்டு. திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வாயிலாக இவ்வுரிமைகளுக்காகப் பல்லாண்டுகள் போராடினார்.

இரு இருளரின் நெஞ்சில் பதக்கம் ஒளிர்வது கண்டு நாம் மகிழ்கிறோம். ஆயின், அதே குலத்துச் சிறுவன் சான்றிதழின்றிப் பள்ளியை விட்டு நின்றால், அம்மகிழ்ச்சி எங்ஙனம் நிறைவுறும்? விருது இருவரைச் சென்றடைந்தது. அதற்குரிய அறிவோ ஓர் இனம் முழுவதும் தலைமுறைதோறும் போற்றிக் காத்தது.

ஆதலின், அன்பர்களே, நம்மால் இயன்றதைச் செய்வோம். நம் ஊரருகே இருளர் குடியிருப்பு இருப்பின், அங்கே சென்று அவர்களைப் பெயர் சொல்லி அறிவோம். விண்ணப்பம் எழுத உதவுவோம். அலுவலகத்துக்கு உடன் செல்வோம். பள்ளியை விட்டு நின்ற பிள்ளையை மீண்டும் பள்ளியில் சேர்ப்போம். ஊர் விழா மேடையில் நன்கொடையாளர்க்குப் பொன்னாடை போர்த்தும்போது, பாம்பு புகுந்த வீட்டுக்கு நள்ளிரவிலும் ஓடிவந்த அந்த எளிய மனிதரையும் மேடைக்கு அழைப்போம். தில்லி அளித்த மதிப்பை நம் தெருவும் அளிக்கட்டும்.