டிரில் சார் என்ன படித்துவிட்டு வருகிறார்?

திருவனந்தபுரம் ஆரியசாலையில் காலையில் லாரி வந்து நின்றதும் சுமை இறக்கும் தொழிலாளி ஒருவரை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி உச்சந்தலையில் வைக்கிறார். மூட்டை தலையில் ஏறும் நொடியில் முழங்கால் சற்று மடங்குகிறது, முதுகு மடங்குவதில்லை. பிறகு குட்டை குட்டையாக எட்டு வைத்து விறுவிறுவென்று நடக்கிறார். கழுத்து ஆடுவதில்லை, இடுப்புக்குக் கீழேதான் எல்லா அசைவும். மூட்டை, தலை, முதுகெலும்பு, ஊன்றிய பாதம் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கும்வரைதான் அந்த நடை சாத்தியம். கோடு கொஞ்சம் விலகினால் பாரம் கழுத்தை வளைக்கப் பார்க்கும். தலைச்சுமையின் உச்ச எடையை 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகக் குறைத்துக் கேரளச் சட்டமன்றம் 2021-இல் சட்டம் திருத்தியதற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கழுத்தும் முதுகும்தான்.

அவருக்கு இந்த நடையை யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை. வேலை பழகப் பழக உடம்பு தானே கண்டுகொண்டது. அது ஏன் அப்படி என்று கேட்டு, எலும்பும் தசையும் விசையுமாகப் பிரித்துப் பார்க்கிற பாடத்துக்குக் கினிசியாலஜி, அதாவது உடல் இயக்கவியல் என்று பெயர். உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமானால் இதைப் படித்துத்தான் ஆகவேண்டும். அதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கழக்கூட்டம் போகும் வழியில் காரியவட்டத்தில் இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. 1985-இல் தொடங்கியது. நடத்துவது இந்திய விளையாட்டு ஆணையம், பட்டம் தருவது கேரளப் பல்கலைக்கழகம். 1857 எழுச்சியின் நூற்றாண்டை ஒட்டி, ஜான்சி ராணி உயிர்விட்ட குவாலியரில் 1957-இல் தொடங்கிய கல்லூரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும், சாலைக் கடைத்தெருவில் ஒரு பையன் “நான் உடற்கல்வி படிக்க பி.பி.எட். போறேன்” என்றால் வீட்டில் முகம் மாறுகிறது. மார்க் வராத பிள்ளைகள் போகிற படிப்பு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. நான் படித்த பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். யாரும் அதை ஒரு பாடம் பறிபோனதாக நினைக்கவில்லை. நாங்களும்தான்.

இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளிகளில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களையே பெரும்பாலும் டிரில் மாஸ்டராக வைத்தார்கள். வரிசையில் நிறுத்துவார், கை காலை ஆட்டச் சொல்வார், விசில் அடிப்பார். 1920-இல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவர் அவர். உடம்பைப் பயிற்றுவிப்பதற்கும் ஆசிரியப் பயிற்சி வேண்டும் என்பதை நம் பக்கத்தில் நிலைநாட்டியது அந்தக் கல்லூரிதான். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. நூறு ஆண்டு கடந்துவிட்டது. ‘டிரில்’ என்ற சொல் மட்டும் நம் வாயில் ஒட்டிக்கொண்டது.

படிப்பில் சேர இரண்டு வழி. பிளஸ் டூ முடித்ததும் சேருகிற நான்கு ஆண்டுப் படிப்பு ஒன்று. ஏதாவது ஒரு டிகிரிக்குப் பிறகு இரண்டு ஆண்டு பி.பி.எட். இன்னொன்று, அதற்கு மேல் எம்.பி.எட். இரண்டு ஆண்டு. விளையாட்டில் கலந்துகொண்ட சான்றிதழ் கேட்பார்கள், உடல் தகுதித் தேர்வு வைப்பார்கள். உள்ளே போனதும் உடற்கூறு, உடலியங்கியல், இயக்கவியல், விளையாட்டு உளவியல், காயத்துக்கு முதலுதவி, யோகா, அளவீடு, நடுவர் பணி, இத்தனையோடு பள்ளிக்குப் போய் வகுப்பெடுக்கும் பயிற்சி. பாதி நாள் மைதானம், பாதி நாள் வகுப்பறை.

இந்தப் பாடங்கள் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணம் காட்டுகிறேன்.

ஓட்டப்பந்தயத்தில் வெளி லேனில் நிற்கும் பிள்ளை ஏன் முன்னால் தள்ளி நிற்கிறான்? வளைவில் வெளியே போகப் போக வட்டம் பெரிதாகிறது, தூரம் கூடுகிறது. எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு முன்னால் நிறுத்தவேண்டும். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரு முழுச் சுற்றில் கூடும் தூரம் அந்த அகலத்தை 2π-ஆல் பெருக்கினால் வரும், 7.67 மீட்டர். ஆனால் இரண்டாம் லேனுக்கு மட்டும் 7.04 மீட்டர்தான் தள்ளுவார்கள். முதல் லேனில் உள்விளிம்புக் கட்டையிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள், மற்ற லேன்களில் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளித்தான் அளப்பார்கள், அந்த 10 செ.மீ. செய்கிற வேலை அது. டேப்பும் கயிறும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு வெயிலில் இதைத் தரையில் போடாமல் எந்த உடற்கல்வி மாணவரும் தேறமாட்டார். எங்கள் கணக்கு சார் பிடுங்கிக்கொண்ட பீரியடில் உண்மையில் கணக்கு இருந்தது.

அடுத்தது கை. முழங்கையை மடக்கி ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். புஜத்துத் தசை முழங்கை மூட்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளித்தான் முன்கை எலும்பில் பிடித்திருக்கிறது. பை தொங்குவது 35 செ.மீ. தள்ளி. அதனால் ஐந்து கிலோவைத் தாங்க அந்தத் தசை ஏழு மடங்கு, சுமார் 35 கிலோ அளவுக்கு இழுக்கவேண்டியிருக்கிறது. இது நட்டம் போலத் தோன்றும். ஆனால் தசை ஒரு அங்குலம் சுருங்கினால் உள்ளங்கை ஏழு அங்குலம் பறக்கிறது. பாரம் தூக்குவதில் இழந்ததை வேகத்தில் எடுத்துக்கொள்கிறோம். நாம் கல் எறிவதும் பந்து வீசுவதும் இந்த அமைப்பால்தான்.

வீசுவது என்றதும் ஒரு பழைய பேச்சு நினைவுக்கு வருகிறது: “பெண்பிள்ளைக்கு எறியத் தெரியாது.” வலது கையால் எறியும் குழந்தை வலது காலையே முன்னால் வைத்தால் இடுப்பு திரும்ப வழியில்லை, முழங்கையிலிருந்து மட்டும்தான் பந்து போகும். இடது காலை முன்னால் வைத்தால் இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக விசை ஏறி, சாட்டை சொடுக்குவதுபோல் பந்து விரலை விட்டுப் போகிறது. யாரும் சொல்லித்தராத பையனும் முதலில் தப்பாகத்தான் எறிகிறான். ஆனால் அவனுக்கு எறிந்து பழகத் தெருவும் நேரமும் கிடைக்கிறது. படித்த ஆசிரியர் எறியத் தெரியாத சிறுமியின் காலைப் பார்ப்பார். “மக்களே, அந்தக் காலை முன்னால வை.” அவ்வளவுதான் வேண்டியது. அந்தக் காலைப் பார்க்கிற கண்ணுக்காகத்தான் அத்தனை ஆண்டுப் படிப்பு என்று நான் நம்புகிறேன்.

கோச்சும் உடற்கல்வி ஆசிரியரும் ஒன்றல்ல. கோச் ஆக வேண்டியவர்கள் பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவைப் பார்க்கவேண்டும். கோச் திறமையுள்ள பத்துப் பேரைப் பொறுக்கி எடுக்கிறார். ஆசிரியருக்குப் பொறுக்கும் உரிமை கிடையாது. குண்டாக இருக்கிறவள், மூச்சு வாங்குகிறவன், கால் சற்று வளைந்தவன், சுவரோரம் உட்கார்ந்து “எனக்கு வயித்துவலி சார்” என்று சொல்கிற பிள்ளை எல்லாரும் அவர் வகுப்புதான். பெண்பிள்ளைகள் ஏறக்குறைய 12 வயதிலும் ஆண்பிள்ளைகள் 14 வயதிலும் கிடுகிடுவென்று வளர்கிறார்கள். கால் எலும்பு நீண்ட வேகத்துக்கு மூளையின் பழைய கணக்கு ஒத்துவராமல், நேற்றுவரை நன்றாக ஓடிய பிள்ளை தடுக்கி விழுகிறது. விவரம் தெரியாதவர் “சோம்பேறி” என்பார். படித்தவர் ஆறு மாதம் பொறுப்பார்.

வகுப்பெடுக்கும் பயிற்சியில் சொல்லித்தரும் சின்ன விஷயங்களும் எனக்குப் பிடிக்கும். வெயிலில் பிள்ளைகளைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்தவேண்டும், கண்கூசும் பக்கம் ஆசிரியர் நிற்கவேண்டும். ஒரு விளையாட்டை விளக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. தோற்றவர் வெளியே போய் உட்காருகிற ஆட்டத்தைக் கூடியவரை தவிர்க்கவேண்டும். ஓட்டம் அதிகம் தேவைப்படுகிறவன்தான் முதலில் வெளியே போய்விடுவான். 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடம்பு நன்றாக வேலை செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 11 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் உலக அளவில் 81 சதவீதம் பேருக்கு அது கிடைப்பதில்லை.

ஆரியசாலையில் இதற்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடையும் குடோனும் போக மிச்சம் சந்துதான். கேரள உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் பள்ளிகளுக்கு மைதானம் எவ்வளவு வேண்டும் என்று நான்கு மாதத்துக்குள் வரையறுக்க அரசுக்கு உத்தரவிட்டது. இல்லாத பள்ளியை மூடும் அளவுக்குப் போகலாம் என்றும் சொன்னது. நகரத்துக்குள் நிலம் பிறக்காது. ஆனால் நாற்பது பிள்ளைகளை ஒரு சிமென்ட் முற்றத்தில் வைத்துக்கொண்டு, நால்வர் நால்வராகப் பிரித்து, கயிறும் துணிப்பந்தும் வைத்து எல்லாரையும் வியர்க்க வைக்கிற வித்தையும் இந்தப் படிப்பில் உண்டு. 42 அடி நீளம், 21 அடி அகலக் குழியில் நடக்கிற களரி அதற்கு நம் ஊர்ச் சாட்சி. கிழக்கேகோட்டையில் சி.வி.என். களரி 1956 முதல் இருக்கிறது. குமரிப் பக்கத்து அடிமுறை ஆசான்கள் சுவடு வைக்கச் சொல்லித்தருவதும் உடம்பின் எடை மையத்தைத் தாழ்த்தி நிற்கிற அதே இயக்கவியல்தான். உடற்கல்விப் பட்டப்படிப்பில் இவற்றுக்கு இன்னும் நிறைய இடம் தரவேண்டும் என்பது என் கருத்து.

படித்து முடித்த பிறகு கேரளத்தில் பள்ளி வேலைக்குக் கே-டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் நான்காம் பிரிவில் தேறவேண்டும், அரசுப் பள்ளி என்றால் அரசுப் பணித் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) பட்டியலில் வரவேண்டும். வேலை நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டுக்குப் போய்ப் படிக்க நினைத்தால் 2005 முதல் இயங்குகிற தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் சென்னை மேலக்கோட்டையூரில் இருக்கிறது.

வீட்டில் பிள்ளை கேட்டால் உடனே மறுக்கவேண்டாம். அடுத்த ஆண்டு சேர்க்கைதான் எண்ணம் என்றால், தகுதித் தேர்வுக்கு இன்றே ஓடத் தொடங்கவேண்டும். புத்தரிக்கண்டம் மைதானம் நடக்கிற தூரம்தான். முதல் மாதம் தூரம் பார்க்கவேண்டாம். பாதம் எப்படித் தரையில் விழுகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க யாராவது ஒருவர் கூடப் போனால் போதும்.